நின்ற வண்டியில் எரிந்த விளக்கு

அன்புள்ள சாம்,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன், அழகுபடுத்தவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் புது நோட்டு வாங்கும்போதெல்லாம் முதல் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் எழுதி அடியில் கோடு போடுவேன். அந்த வயதில் அதை எழுதுவது சுலபமாக இருந்தது. பிறகு ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை அதை மீறினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் மேல் எனக்கு வந்திருக்கும் கோபத்தைப் பற்றியும்தான். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. டிரைவர் முருகேசனை நீ உன் ஒர்க் ஷாப்பில் பத்துப் பேர் நடுவில் நிற்கவைத்துத்தான் பேசினாய். இதையும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

நேற்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவோடு நின்றுகொண்டார். ஒரு கட்டடக் கம்பெனியில் பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறவர் என்றும், அந்த வண்டியின் கியர் பெட்டி உடைந்து உன்னிடம் வந்து வேறு பெட்டி மாட்டியாகிவிட்டது என்றும், தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டபடியே ஓட்டி டிரைவர்தான் உடைத்தார் என்று நீ ரிப்போர்ட் கொடுத்திருக்கிறாய் என்றும், இன்று, திங்கட்கிழமை, பதினோரு மணிக்கு அவரைக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “மேடம், நான் சிபாரிசுக்கு வரல. சார் நல்லவருதான். ஒரே ஒரு தபா அந்த ஃபோர் வீல் லைட்ட வண்டி ஓடறப்ப பாக்கச் சொல்லுங்க. நின்னுகினு இருந்தா எரியுது. பள்ளத்துல எறங்கினா அணைஞ்சிடுது. நான் சொன்னா அல்லாரும் சிரிக்கிறாங்க” என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசிவிட்டு, ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மா, ஸ்கேனர் மாட்டிப் பாத்தாச்சு. ஒரு எரர் கோடும் வரல. லைட்டும் எரியுது. மாட்டிக்கிட்டா எல்லா டிரைவரும் லைட் மேலதான் பழிய போடுவான். ரிப்போர்ட் போயிடுச்சு, விடு.” ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். “அதுக்கெல்லாம் எங்க டைம்? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அத காலியா விட்டா சிஸ்டம் சப்மிட்டே ஆகாதும்மா” என்றாய். அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக ஒரு மனிதரைத் தூக்கி அதில் போட்டிருக்கிறாய். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “தாத்தாவே ஒரு தடவ தப்பா ரிப்போர்ட் எழுதினவர்தானே. நம்ம வீட்டுக் கதைதானே இது?” நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். வெட்கத்தில் வைத்தேன். தாத்தா எழுதவில்லை, சாம். நான் எழுதினேன். இத்தனை வருடமாக இந்தக் குடும்பத்தில் எல்லோரும் அவர் பேரைச் சொல்லிச் சிரித்தபோது நானும் கூடவே இருந்து சிரித்திருக்கிறேன்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி உன் தாத்தா வைத்திருந்த கொட்டகையை நீ பார்த்ததில்லை. தகரக் கூரை, முன்னால் ஒரு புங்கமரம், அதன் அடியில் வண்டிகள். டைனமோ, ஹாரன், விளக்கு, வண்டிக்குள் ஓடும் ஒயர், இவை எதில் கோளாறு என்றாலும் பல்லாவரத்திலிருந்தும் வண்டலூரிலிருந்தும் என் அப்பாவிடம்தான் வருவார்கள். மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பேரை மட்டும் இங்கிலீஷில் எழுதப் பழகியிருந்தார். அதை எழுத அவருக்கு ஒரு நிமிடம் ஆகும், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். கையில் கிரீஸோடு அடிக்கடி பேனா பிடிக்க முடியாது என்பதால் திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்ததும் வேலைத் தாள்கள் இருபதில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அவற்றை நிரப்புவேன். வண்டி, புகார், சோதனை, காரணம் என்று நான்கு பத்திகள். கார்பன் வைத்து எழுதி, மேல் தாளை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, அடித்தாளைக் கம்பியில் குத்தி வைப்பேன். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம். நான் பத்தாம் வகுப்பு. அகராதியைக் கதைப் புத்தகம் போலப் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதுகிறவள் என்று பேர் வாங்கியிருந்தேன். பாதி வெறுமையாக ஒரு தாளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

தாம்பரத்தில் ஒரு சபை நடத்திய மருந்தகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஜீப் வந்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு சேலையூர் தாண்டி மேடவாக்கம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஏரிக்கரை வழியாகவும் சேற்று வழியாகவும் போகும். அதை ஓட்டியவர் தேவசகாயம் அண்ணன். கீழ்க்கட்டளைக்காரர், நாற்பது வயது இருக்கும். போகிற வழியில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் கொட்டகையில் நிறுத்துவார். நான் புங்கமரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். “இன்னா வக்கீலம்மா, இன்னிக்கி எத்தினி பக்கம்? எனக்கு ஒரு கேஸ் கீது, எம் பொண்டாட்டி மேல. எடுத்துக்கிறியா?” என்பார். அப்பா உள்ளேயிருந்து, “மொதல்ல அவங்க உன் மேல போட்ட கேஸ முடி, சகாயம்” என்று குரல் கொடுப்பார்.

அந்த ஜீப்பின் விசேஷம் உனக்குத் தெரியாததல்ல. சாதாரணமாகப் பின்சக்கரம் இரண்டும் இழுக்கும். சேற்றில் ஒரு லீவரைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் லீவரைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கியர் பற்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு உடையும். லீவரோடு சேர்ந்த கம்பி தேய்ந்துவிட்டால், கையில் லீவர் திரும்பிவிட்டாலும் உள்ளே பல் விடுபடாமல் இருக்கும். டிரைவருக்கு அது தெரியாது. அதைத் தெரிவிக்கத்தான் டேஷ்போர்டில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு. பியூஸிலிருந்து பல்புக்கு ஒரு ஒயர், பல்பிலிருந்து கீழே கியர் பெட்டியில் இருக்கும் சுவிட்சுக்கு ஒரு ஒயர். முன்சக்கரம் சேர்ந்திருக்கும் வரை சுவிட்ச் எர்த்தைத் தொடும், விளக்கு எரியும். விளக்கு அணைந்தால்தான் விடுபட்டது என்று அர்த்தம். தேவசகாயம் அண்ணன் அந்த விளக்கை நம்பி ஓட்டினார். ஒருநாள் தார் போட்ட கேம்ப் ரோட்டில் சத்தத்தோடு பெட்டி உடைந்தது. லீவரைத் திருப்பிவிட்டேன், விளக்கும் எரியவில்லை என்றார் அவர். மருந்தகக் கமிட்டியின் செயலாளர் அதை நம்பவில்லை. பெட்டியைச் சரிசெய்ய வேறு இடத்தில் ஏற்பாடு செய்துவிட்டு, விளக்கு வேலை செய்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும்படி வண்டியை அப்பாவிடம் இழுத்துக்கொண்டுவந்து விட்டார்கள்.

அப்பா வண்டிச் சாவியைப் போட்டு லீவரைத் தள்ளினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. திருப்பினார், அணைந்தது. பத்துத் தடவை செய்தார். பத்துத் தடவையும் சரியாக இருந்தது. பக்கத்தில் நின்ற தேவசகாயம் அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. “மேஸ்திரி, சத்தியமா அன்னிக்கி எரியல. வண்டி ஓடறப்ப எரியாது, இது என்னா பேஜாரு” என்றார். அப்பா பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். “ஓடறப்ப பாக்கணும். ஒடஞ்ச பெட்டியோட ஓடாது. நாளைக்கி ஆளுங்கள வச்சு ஆட்டிப் பாக்கலாம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “விளக்கு எரியுதுன்னு மட்டும் எழுதிக்கோ. காரணத்துல ஒண்ணும் எழுதாத. அந்த எடத்த சும்மா வுடு” என்றார். இதைத் தெளிவாகச் சொன்னார், சாம். என் காதில் நன்றாக விழுந்தது.

மறுநாள் நாலரை மணிக்குச் செயலாளர் வந்தார். அப்பா, நடுவழியில் நின்ற ஒரு பஸ்ஸைப் பார்க்கப் பல்லாவரம் போயிருந்தார். “பாப்பா, ரிப்போர்ட் ரெடியா? ஆறு மணிக்கு கமிட்டி” என்றார். அப்பா இன்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னார் என்றேன். “விளக்கு எரிஞ்சுதா இல்லையா, அத சொல்லு.” எரிந்தது என்றேன். “அப்போ அத எழுதிக் கொடு. இங்கிலீஷ்ல எழுது, டாக்டரம்மா படிப்பாங்க. உனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னு உங்கப்பா பெருமையா சொல்லுவார்” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் மேல் பழிபோட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. மூன்று பத்திகளை எழுதினேன். நான்காவது வெறுமையாக இருந்தது. அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழுமையாகச் சோதிக்கப்பட்டது என்று சொல்ல ஒரு நல்ல ஆங்கிலச் சொல்லை அந்த வாரம்தான் கற்றிருந்தேன். அதை எங்கே எழுதலாம் என்று கை துறுதுறுத்தது. விளக்குச் சுற்று முழுமையாகச் சோதிக்கப்பட்டது, அதில் குறை எதுவும் இல்லை என்று எழுதினேன். அதற்குப் பிறகு காரணத்தை வெறுமையாக விட்டால் அரைகுறையாகத் தெரியும் என்று தோன்றியது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அடியில் அப்பா திங்கட்கிழமை போட்டுவைத்த கையெழுத்து இருந்தது. செயலாளர் படித்துவிட்டு என் தலையைத் தட்டிக்கொடுத்தார், பெட்டி வேலைக்கு வண்டியையும் அன்றே இழுத்துக்கொண்டு போனார்கள். தேவசகாயம் அண்ணனின் முகம் எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் காலையில் தேவசகாயம் அண்ணன் சைக்கிளில் வந்தார். இறங்கியதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார், ஸ்டாண்டுகூடப் போடவில்லை. “மேஸ்திரி, நீயா இப்டி எழுதுன? நான்தான் ஒடச்சேன்னு எழுதினியாமே! கமிட்டில படிச்சிக் காமிச்சாங்க. பன்னெண்டு வருசம் ஒரு கோழிய கூட இடிச்சதில்ல நான்!” அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “விளக்கு எரியுதுன்னுதானே எழுதச் சொன்னேன். அடித்தாள் இருக்கு, இரு” என்று கம்பியிலிருந்து அதை உருவி என்னிடம் நீட்டினார். “படிம்மா. அவனுக்குக் கேக்கறா மாதிரி படி.” இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். வண்டி எண்ணைப் படித்தேன். புகாரைப் படித்தேன். லீவரைத் தள்ளியபோது விளக்கு எரிந்தது, திருப்பியபோது அணைந்தது என்று படித்தேன். மீதி இரண்டு வரியையும் படிக்கவில்லை. தாளை மடித்துவிட்டேன். அப்பா நிமிர்ந்து, “பாத்தியா சகாயம்? நான் உம் மேல ஒண்ணும் எழுதல” என்றார். தேவசகாயம் அண்ணன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவு நாள் பழகியவன் முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறானே என்ற பார்வை அது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாளில் எழுதியதாவது அவசரம், ஆசை, அசட்டுத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அன்று படிக்காமல் விட்டது அப்படியல்ல. நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்தேன்.

பெட்டியைச் சரிசெய்து, வேறு டிரைவரைப் போட்டு, ஜீப் மறுபடி ஓடத் தொடங்கியது. ஐப்பசி மழையில் ஒருநாள் புது டிரைவர் அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். சேற்றில் ஃபோர் வீல் போட்டால் விளக்கு எரிகிறது, குலுங்கினால் அணைகிறது என்றார். அப்பா எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. பியூஸைப் பார்த்தார், பல்பைக் கழற்றி மாட்டினார், இரண்டும் சரி. ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டிய அவருடைய டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு, ஈரத்தில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். லேம்பின் ஒரு முனையைப் பேட்டரியில் கொடுத்து, மறு முனையைச் சுவிட்ச்சிலேயே தொட்டுக்கொண்டு, “ஆட்டுங்க” என்றார். டிரைவரும் நானும் வண்டியைப் பிடித்து ஆட்டினோம். விடாமல் எரிந்தது. சுவிட்சும் எர்த்தும் சரி என்று ஆயிற்று. பிறகு அதே முனையை மேலே பல்பிலிருந்து இறங்கும் ஒயரின் தலைப்பில் கொடுத்து ஆட்டச் சொன்னார். எரிந்தது, அணைந்தது, எரிந்தது. ஆக, தலைப்புக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவில்தான் கோளாறு. அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். வண்டியின் சட்டத்தோடு அதைப் பிடித்திருந்த இரும்புக் கொக்கியின் அடியில் விரல் நின்றது. மேல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு அறுந்து இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தது. வண்டி நின்றால் தொடும். சட்டம் முறுக்கினால் விலகும். அப்பா அந்த இரண்டு அங்குலத்தை வெட்டியெடுத்து, வெளியே வந்து, மழையில் நின்றபடி சொன்னார்: “சகாயம் சொன்னது நெஜம்.”

கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு நடந்தார். இங்கிலீஷ் வந்தால் நான் சொல்ல வேண்டும் என்று கூட்டிப்போனார். ஒயர்த் துண்டை மேசையில் வைத்து, வளைத்துக் காட்டினார். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பைலை எடுத்து, “மேஸ்திரி, நீங்கதானே முழுசா சோதிச்சேன், குறை இல்ல, ஓட்டுநர் கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்தீங்க? கீழ உங்க கையெழுத்துதானே? இத வச்சுத்தானே கமிட்டி முடிவு பண்ணுச்சு?” என்று தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்பா அந்தத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “ஆமா சார். நான்தான் சொல்லி எழுதவச்சேன். தப்பு என்னுது. அவன திரும்ப எடுத்துக்கோங்க” என்றார். புது ஆள் வந்தாகிவிட்டது, முடிந்துபோன விஷயத்தைக் கிளற முடியாது என்று பதில் வந்தது. நன்றாக நினைவிருக்கிறது, அந்த வீட்டில் எங்களுக்கு உட்கார நாற்காலி கொடுத்து, டீயும் கொடுத்து, மிகவும் மரியாதையாகத்தான் ஒரு மனிதரின் பிழைப்பை மூடிவைத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. ஆனால் அவர்கள் கையில் அந்தத் தாளைக் கொடுத்தது யார்?

வெளியே வந்து ரயில்வே கேட் வரை நடந்தோம். கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் போகும்வரை நின்றோம். அப்போதுதான் கேட்டார். “எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு தெரிஞ்சுதானே அன்னிக்கி படிச்ச?” அவ்வளவுதான். என்னை அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. கேட் திறந்ததும் முன்னால் நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கீழ்க்கட்டளைக்குக் கூட்டிப்போனார். தேவசகாயம் அண்ணன் வீட்டில் இல்லை, பல்லாவரம் கல்குவாரி லாரியில் போயிருக்கிறார் என்றார்கள். தெருமுனையில் காத்திருந்தோம். லாரி வந்தது. ஓட்டியவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, “யோவ் பெருசு, தூங்கறியா? கட்டைய போடுய்யா!” என்று கத்தினான். தேவசகாயம் அண்ணன் பின்னாலிருந்து குதித்து, மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். கவனக்குறைவு என்று நீக்கப்பட்டவருக்கு யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. நாற்பது வயதில் கிளீனர். எங்களைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா ஒயர்த் துண்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். “நான் எழுதினது தப்பு சகாயம். நீ வந்து கேட்டப்ப இல்லன்னேனே, அதுவும் தப்பு” என்றார். சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். எனக்கு இடம் விட்டு நின்றார் என்பது எனக்குத் தெரிந்தது. தேவசகாயம் அண்ணன் அந்த ஒயர்த் துண்டை வாங்கி வளைத்து வளைத்துப் பார்த்தார். “வுடு மேஸ்திரி. லைட்டு எரியலன்னு நான் பொய் சொல்லல, அது தெரிஞ்சா போதும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னா வக்கீலம்மா, இன்னிக்கி பொஸ்தகம் காணோம்?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாக்கியம் போதும், சாம். நான்தான் எழுதினேன், அப்பா இல்லை. அகராதி முழுவதும் படித்தவளுக்கு அந்த நான்கு சொல் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அப்பா வெறும் தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டில் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மேஸ்திரி ஒரு தடவை தப்பாக ரிப்போர்ட் கொடுத்து ஒரு டிரைவருக்கு வேலை போய்விட்டது என்று தெருவில் பேசினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் சில லாரிக்காரர்கள் கொட்டகைக்கு வரவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டார். நான் பட்டம் வாங்கி, முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்தி, நல்ல டீச்சர் என்று பேர் வாங்கி ஓய்வு பெற்றேன். தேவசகாயம் அண்ணன் எங்கே போனார், கடைசிவரை கிளீனராகவே இருந்தாரா, தெரியாது. தேடிப் போகவில்லை. இதை எழுதும்போது உன் மேல் இருக்கும் கோபத்தைவிட அந்த வயதுப் பெண்ணாக இருந்த என் மேல் அதிகமாகக் கோபம் வருகிறது. ஆனால் அவளை இப்போது ஒன்றும் செய்ய முடியாது. உன்னைச் செய்ய முடியும்.

உன் வண்டியில் என் காலத்து ஜீப்பைவிட ஒயர் அதிகம், கம்ப்யூட்டர் இருக்கிறது, எனக்கு அது தெரியாது என்று சொல்வாய். தெரியாதுதான். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியிடம் கேட்டால், நிற்கும்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். உன் ஸ்கேனரும் அப்படித்தான். அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டால் எல்லாம் சரி என்று சொல்லும், அது பொய்யல்ல, நீ கேட்ட நேரம் தப்பு. முதலில் பியூஸும் பல்பும் பார். பிறகு கீழே இறங்கு. கியர் பெட்டிச் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பார். எர்த் எங்கே சட்டத்தோடு முடுக்கியிருக்கிறது என்று தேடி, அந்த இடத்தைச் சுரண்டி முடுக்கு. ஒயர் எங்கெல்லாம் வளைகிறதோ, எங்கெல்லாம் கொக்கி பிடித்திருக்கிறதோ, அங்கெல்லாம் விரலை வைத்து அசைத்துப் பார். ஆட்களை விட்டு ஆட்டச் சொல். அதற்குப் பிறகும் தெரியாவிட்டால், முருகேசனை ஓட்டச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்தப் பள்ளத்தில் அணைந்தது என்று சொல்கிறாரோ அதே பள்ளத்தில் இறங்கு. சுத்தமான சட்டையோடு உட்கார்ந்து கண்டுபிடிக்கிற வேலை இல்லை இது.

அணையவே இல்லை என்றால் அதையும் எழுது. நான் உன்னை முருகேசனுக்குச் சாதகமாக எழுதச் சொல்லவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று சோதனையில் தெரிந்தால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல், நானும் கூட நிற்கிறேன். சோதிக்காததைச் சோதித்தேன் என்று எழுதாதே, அவ்வளவுதான் நான் கேட்பது. கட்டம் காலியாக இருந்தால் சிஸ்டம் ஏற்காது என்றாயே. தெரியவில்லை என்று எழுதி அனுப்பு, அது ஏற்கும். ஏற்காவிட்டால் போன் செய்து சொல். மேலே இருக்கிறவர்கள் கோபிப்பார்கள், வேலை தெரியாதவன் என்பார்கள், கேட்டுக்கொள். என் அப்பா செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு அதைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டார். நீ செய்ததற்குக் கேட்டுக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. ரிப்போர்ட் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று என்னிடம் சொல்லாதே. அந்தச் செயலாளரின் வாயில் அதைக் கேட்டிருக்கிறேன். என் மகன் வாயில் கேட்கப் பொறுக்காது.

நாலு மணிக்கு எழுந்து எழுத உட்கார்ந்தேன், இப்போது ஆறே கால் ஆகிறது. தபாலில் போட்டால் பதினோரு மணிக்குள் உனக்குச் சேராது. முருகேசனிடம் கொடுத்தனுப்பினால் நீ வாங்காமல் இருக்கலாம், அதனால் நானே அவரோடு வந்து உன் கையில் கொடுக்கப்போகிறேன். அவருக்குப் போன் செய்து வரச் சொன்னேன். கேட்டிலேயே நிற்காமல் இந்தத் தடவை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதியதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன், ஒரு வரியும் விடவில்லை. படித்து முடித்ததும் அவர், “சார் கோச்சுக்கப் போறாரு மேடம்” என்றார். கோபித்துக்கொள். எட்டு மணிக்கு நீ ஒர்க் ஷாப்பைத் திறக்கும்போது நாங்கள் இருவரும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்போம், வண்டிச் சாவியோடு வா. நன்றாக விடிந்துவிட்டது. வராந்தா விளக்கையும் மேசை விளக்கையும் அணைத்துவிட்டேன்.

அம்மா